இன்ட்டு போட்ட புத்தகம்

உப்புத் தண்ணீர்தான் வரும் என்று மூன்று பேர் கைவிட்ட நிலத்தில் போர் போட்டு நல்ல தண்ணீர் எடுத்தவன் நான். கரும்பு வெட்டும் கூலியாகத் தொடங்கி, ஆள் சேர்த்து, லாரி பிடித்து, ஆலைக்கு லோடு அனுப்பும் மேஸ்திரியானேன். நெல் மில் வைத்தேன். உனக்கெல்லாம் கரண்ட் லைன் கிடைக்காது என்று சொன்னவரே பிறகு அங்கே நெல் கொண்டுவந்து வரிசையில் நின்றார். கல்யாண மண்டபம் கட்டினேன். எல்லாரும் தவளக்குப்பம், கடலூர் என்று போய்விடுவார்கள், உன் மண்டபத்தில் ஆடுதான் படுக்கும் என்றார்கள். இப்போது முகூர்த்த நாளில் எனக்கே உள்ளே இடம் கிடைப்பதில்லை. ஏம்பலம் சாலையில் பேருந்துக்கு நிற்பவர்களுக்கு நிழற்குடை போட்டேன். கடைசியாக, என் சொந்த மனையில், சொந்தச் செங்கல்லில், நூலகத்துக்கு ஒரு கட்டடம் கட்டிக் கொடுத்தேன். இத்தனையும் செய்தவன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதை நான் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை.

நான் எழுத உட்கார்ந்தது இவற்றைப் பற்றி அல்ல. ஒரு புத்தகத்தின் முதுகில் இருந்த எண்ணைப் பற்றி.

நூலகம் வந்தபோது அதற்கு ஒரு நூலகரையும் போட்டார்கள். வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிற அம்மா. நாற்பது வயது இருக்கும். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை ஐயா என்பார். கட்டடம் என்னுடையது என்பதால் சாவி ஒன்று என்னிடமும் உண்டு. காலையில் பேப்பர் படிக்க உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பேன்.

ஒருநாள் அவர் புத்தகங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு புத்தகத்தையும் பின்பக்கம் திருப்புவார், எண்ணைத் தட்டுவார், அடுத்த நிமிடம் புத்தகத்தின் பெயர், எழுதியவர், அச்சிட்டவர் எல்லாம் திரையில் வந்து நிற்கும். எண் இல்லாத பழைய தமிழ்ப் புத்தகம் வந்தால் மட்டும் பெருமூச்சு விட்டு, எழுத்தெழுத்தாகத் தட்டுவார்.

"இன்னா மேடம் இது, வண்டி நம்பர் மாதிரி?" என்றேன்.

"அதேதான்யா. புத்தகத்துக்கு வண்டி நம்பர்."

அவர் சும்மா சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வண்டி நம்பர் பார்ப்பது ரத்தத்தில் உள்ளது. பாகூரிலிருந்து கொஞ்சதூரம் போனால் தமிழ்நாடு, இன்னும் கொஞ்சம் போனால் மறுபடி புதுச்சேரி, திரும்பினால் மறுபடி தமிழ்நாடு. எல்லை எங்கே என்று மண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. எதிரில் வரும் வண்டி PY-யா TN-ஆ என்று பார்த்துத்தான் சொல்வோம். அப்படிப் புத்தகத்திலும் தொடக்கத்தைப் பார்த்து ஊரைச் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

முடியும் என்றார். கடையில் விற்கும் எல்லாச் சாமானுக்கும் இப்படி ஒரு எண் உண்டாம்; 978 என்றால் இது புத்தகம், சோப்போ பிஸ்கட்டோ இல்லை என்று அர்த்தமாம். அதற்கு அடுத்து 81 என்றோ 93 என்றோ வந்தால் நம் நாட்டுப் புத்தகம். சைபரோ ஒன்றோ வந்தால் இங்கிலீஷ்காரன் ஊர். இரண்டு வந்தால் பிரெஞ்சு. பழைய புத்தகங்களில் 978 இருக்காது, பத்தே இடம்தான், நேரடியாக ஊரில் தொடங்கிவிடும்.

அன்று முதல் எனக்குப் பேப்பர் படிப்பது குறைந்துபோயிற்று. அலமாரி அலமாரியாகப் புத்தகத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம். எந்த ஊரிலிருந்து வந்தாய் என்று ஒவ்வொன்றையும் விசாரித்தேன்.

"ஐயா, பொண்ணு பாக்கறவங்க மாதிரி ஒண்ணு ஒண்ணா திருப்பிப் பாக்கறீங்க. ஒண்ணாவது படிங்களேன்" என்பார் மேடம்.

"மொதல்ல குலம் கோத்திரம் தெரியட்டும், அப்புறம் பேசலாம்" என்பேன்.

இரண்டில் தொடங்கும் புத்தகங்கள் எங்கள் நூலகத்தில் ஒரு தட்டு நிறைய உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை இங்கே சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா இறந்த பிறகு, அவர் மனைவி ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களை நூலகத்துக்குத் தந்தார். அந்த வீட்டுப் பையனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. அவன் அங்கே வேலைக்குப் போய்விட்டான். போகும் முன் கல்யாணம் ஆயிற்று. மருமகள் வில்லியனூருக்கு அடுத்த ஒரு கிறிஸ்தவ ஊர்ப் பெண். மாமியாரோடு இங்கேயே இருந்துகொண்டு பகலில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தாள்.

அந்தப் பெண் கம்பெனி விடுமுறை நாள் ஒன்றில் நூலகத்துக்கு வந்தாள். மேடம் அன்று இல்லை. பத்து நாள் பயிற்சி என்று நகரத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான்தான் திறந்து வைத்திருந்தேன். கையில் ஒரு பிரெஞ்சுப் பாடப்புத்தகம் வைத்திருந்தாள். அவள் மாமனார் பெட்டியிலிருந்து வந்த அதே புத்தகம், எங்கள் நூலகத்திலிருந்துதான் எடுத்துப் போயிருந்தாள்.

"மாமா, இது மொதல் பாகம். முடிச்சிட்டேன். ரெண்டாம் பாகம் வேணும்."

"உங்க வூட்டுப் பொட்டியிலயே இல்லியா?"

"இல்ல மாமா. மாமனாரு மொதல் பாகத்தோட நிறுத்திட்டாரு போலக்கீது."

அடுத்த மாதம் அவள் ஒரு பிரெஞ்சுப் பரீட்சை எழுதப் பெயர் கொடுத்திருந்தாள். தேறினால் ஒரு சர்டிபிகேட் வரும். அது இருந்தால் போய் இறங்கியதும் வேலை தேடலாம் என்று புருஷன் சொல்லியிருக்கிறான். "இல்லன்னா அங்க போயி வூட்டுக்குள்ள ஊமையா உக்காந்துக்கணும் மாமா. கடைக்குப் போயி ஒரு வெங்காயம் கேக்க முடியாது" என்றாள். வகுப்புக்குப் போக அவளுக்கு நேரம் இல்லை. கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்துத்தான் முதல் பாகத்தை முடித்திருக்கிறாள். நகரத்துக் கடையில் கேட்டால், அது பழைய புத்தகம், இப்போது வருவதில்லை, புதிது வேறு பாடம் என்று சொல்லிவிட்டார்கள்.

நகரத்து நூலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கேட்டால், அங்கிருந்து வாரம் ஒருமுறை எங்களுக்கு வரும் புத்தகப் பையில் போட்டு அனுப்புவார்கள் என்பதும் தெரியும். மேடம் சுவரில் ஒட்டிவைத்திருந்த தொலைபேசி எண்ணுக்கு அடித்தேன்.

எடுத்தவர் புத்தகத்தின் பெயரைக் கேட்டார். பெண் சொல்லச்சொல்ல நானும் சொன்னேன். "அந்தப் பேர்ல நெறைய இருக்குங்க. பாடப் புத்தகம், பயிற்சிப் புத்தகம், பழைய பதிப்பு, புதுப் பதிப்பு. நம்பர் இருந்தா சொல்லுங்க" என்றார். எங்கள் ஊரிலும் ஒரே பெயரில் ஏழெட்டுப் பேர் உண்டு. மில்லுக்குப் பக்கத்து வீடா, நெட்டையா, மெக்கானிக்கா என்று கேட்காமல் எவரையும் தேட முடியாது. அதனால் அவர் கேட்டது நியாயம் என்று பட்டது.

நல்லவேளை, முதல் பாகத்தின் பின்னட்டையிலேயே இரண்டாம் பாகத்தின் எண்ணும் போட்டிருந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கரும்பு லாரிக்கு எடை மேடையில் நம்பர் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். மறந்துவிடக் கூடாதென்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியும் வைத்தேன்.

"அப்புறம்?" என்றார்.

"அவ்ளோதான்."

"ஒம்போதுதான் வந்திருக்கு. பத்து இருக்கணுங்க."

பெண் என் முழங்கையைத் தொட்டாள். "மாமா, கடைசியில எக்ஸ் மாதிரி ஒண்ணு இருக்குது."

நான் போனைப் பொத்திக்கொண்டேன். "அது எக்ஸ் இல்லம்மா. இன்ட்டு."

"இன்ட்டா?"

"செக்குல தொகை எழுதிட்டு மிச்ச எடத்துல கோடு அடிப்போம் பாரு, எவனும் சேத்து எழுதக் கூடாதுன்னு. அந்த மாதிரி. நம்பர் இத்தோட முடிஞ்சிதுன்னு அடிச்சி வுட்டது."

"நெஜமாவா மாமா?"

"நீ பிரெஞ்சு படி. நம்பரை எங்கிட்ட வுடு."

அவளைக் குறை சொல்ல மாட்டேன், என்னையும் குறை சொல்ல மாட்டேன். என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் அந்தக் குறி ஒன்றுதான். கணக்கு தப்பானால் வாத்தியார் சிலேட்டில் இன்ட்டு போடுவார். சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் சுவரில் சிவப்புப் பெயிண்டால் இன்ட்டு போட்டார்கள். அந்த வீடுகள் இப்போது இல்லை. இன்ட்டு என்றால் இல்லை, வேண்டாம், முடிந்தது. வண்டி நம்பரே எண்ணில்தான் முடியும், கடைசியில் எழுத்து வந்து உட்காரும் என்று யார் நினைப்பார்கள்?

போனில் இருந்தவரிடம், ஒன்று குறைந்தால் ஒரு சைபர் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

தட்டிப் பார்த்தார். "சைபர் போட்டாலும் எடுக்கலங்க. நம்பர் தப்புன்னு வருது."

"புத்தகம் இல்லன்னு வருதா, நம்பர் தப்புன்னு வருதா?"

"நம்பர் தப்புன்னுதாங்க. தேடவே மாட்டேங்குது."

எனக்குச் சுருக்கென்றது. இல்லாத வீட்டு நம்பரைச் சொன்னால், தபால்காரர் தெரு முழுக்கத் தேடிவிட்டுத்தான் இல்லை என்பார். இந்த இயந்திரம் தெருவுக்குள்ளேயே நுழையாமல், வாசலில் நின்று, நீ சொல்வது தப்பு என்கிறது. புத்தகத்தைப் பார்க்காமல் நம்பரை மட்டும் பார்த்து அதற்கு எப்படித் தெரிந்தது?

அவர் நல்ல மனிதர். பெயரை வைத்துக்கொண்டு தோராயமாக ஒன்றைத் தேடி அனுப்புவதாகச் சொன்னார். அடுத்த பையில் அது வந்தது. பெண் வேலை முடிந்து அவசரமாக வந்து பிரித்துப் பார்த்தாள். இரண்டு பக்கம் புரட்டியதும் முகம் தொங்கிப்போயிற்று.

"மாமா, இதுல பாடமே இல்ல. பாடத்தை எப்படி நடத்தணும்னு டீச்சருக்குச் சொல்லிக் குடுக்குது."

"சரி, நீயே டீச்சராயிடு."

அவள் சிரிக்கவில்லை. ஒரு வாரம் போய்விட்டது என்றாள். அடுத்த வாரமும் இப்படிப் போனால் பரீட்சைக்குப் போவதில் அர்த்தம் இல்லை, பெயரை எடுத்துவிட்டு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மாமியாரும் சொல்லியிருக்கிறார். அடுத்த வருஷம் என்றால் புருஷனோடு சேர்வதும் அடுத்த வருஷம். மொத்தத்தையும் அந்த ஒரு புத்தகம் கையில் பிடித்திருந்தது.

மேடம் பயிற்சி முடிந்து வந்ததும் காலண்டர் தாளை நீட்டி நடந்ததைச் சொன்னேன். இன்ட்டைப் பற்றிச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, அது எண்ணில் சேர்ந்தது என்றே எனக்குத் தோன்றவில்லை. அன்று சாயங்காலம் நகரத்திலிருந்து பை கிளம்பிவிடும். அதற்குள் நகரத்து நூலகத்துக்குச் சரியான எண்ணைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு வாரம்.

"அந்தப் பொண்ணுக்கு போன் போட்டுக் கேளுங்க, புத்தகம் அவகிட்டதானே இருக்கு?"

"கம்பெனி வாசல்லயே போனை வாங்கி வச்சிக்குவானுங்க மேடம். ராத்திரிதான் குடுப்பானுங்க. புத்தகமும் அவ பையிலதான் இருக்கும்."

மேடம் தாளில் இருந்த எண்களை விரல் வைத்து எண்ணினார். பிறகு, "ஒம்போது கையில இருந்தா பத்தாவதைக் கணக்குப் போட்டு எடுக்கலாம்யா" என்றார். "படிக்கும்போது சொல்லிக்குடுத்தாங்க. மறந்துபோச்சு. இருங்க."

பழைய பாடநோட்ஸைத் தேடி எடுத்து வாசித்தார். முதல் எண்ணைப் பத்தால் பெருக்கு. அடுத்ததை ஒன்பதால். அதற்கடுத்ததை எட்டால். இப்படி இறங்கிக்கொண்டே வந்து ஒன்பதாவதை இரண்டால் பெருக்கு. எல்லாவற்றையும் கூட்டு. கடைசி எண்ணையும் சேர்த்தால் மொத்தம் பதினொன்றால் மிச்சமில்லாமல் வகுபட வேண்டும். அந்தக் கடைசி எண் காவல்காரன் மாதிரி. புத்தகத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. முன்னால் நிற்கும் ஒன்பது பேரும் சரியான இடத்தில் நிற்கிறார்களா என்று மட்டும் பார்க்கும்.

இயந்திரம் வாசலிலேயே என்னைத் திருப்பி அனுப்பிய ரகசியம் அதுதான். எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பாகிவிட்டது. "எதுக்கு மேடம் ஒவ்வொண்ணுக்கும் வேற வேற பெருக்கல்? சும்மா கூட்டினா ஆகாதா?" என்று கேட்டு முடிக்கும் முன் எனக்கே பதில் தெரிந்துவிட்டது. ஒருமுறை என் லாரி எண்ணில் இரண்டு இலக்கத்தை எடை மேடைக்காரர் இடம் மாற்றி எழுதி, என் லோடு வேறு ஒருவர் கணக்கில் ஏறிவிட்டது. சும்மா கூட்டினால் முன்னும் பின்னும் ஒரே கூட்டுத்தொகைதான், தப்பு தெரியாது. இடத்துக்கு இடம் வேறு பெருக்கல் என்றால், இருவர் இடம் மாறி நின்றாலே மொத்தம் காட்டிக்கொடுத்துவிடும். இதைக் கண்டுபிடித்தவர் எடை மேடையில் அடிபட்டவராகத்தான் இருக்க வேண்டும்.

மேடம் கால்குலேட்டரை எடுத்தார். வேண்டாம் என்று தடுத்து, நான் வாய்க்கணக்காகவே போட்டேன். வாய்ப்பாடு மட்டும் பள்ளிக்கூடத்திலிருந்து நான் முழுசாகத் தூக்கிக்கொண்டு வந்த சொத்து. கூட்டி முடித்தேன். நூற்று எண்பத்தெட்டு.

பதினோராம் வாய்ப்பாட்டில் நூற்று எண்பத்தேழு வரும். ஒன்று கூடுதல். அடுத்தது நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அதை எட்டப் பத்து வேண்டும்.

"பத்து வருது மேடம். கணக்கு தப்பு."

"ஏன் தப்பு?"

"ஒரு எடத்துல ஒரு எண்ணுதானே நிக்கும்? பத்து எப்டி நிக்கும்? ரெண்டு பேர் ஒரு சீட்டுல உக்கார்ற மாதிரி."

மறுபடி போட்டேன். மறுபடியும் நூற்று எண்பத்தெட்டு. சைபர் முதல் ஒன்பது வரை எதை வைத்துப் பார்த்தாலும் ஒட்டவில்லை. எடுத்து எழுதியதில்தான் பிசகு என்று நான் தாளை முறைத்துக்கொண்டிருக்க, மேடம் நோட்ஸில் அடுத்த வரியைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கறேன். கடைசியில எக்ஸ் இருந்துச்சா?"

"எக்ஸெல்லாம் இல்ல. இன்ட்டு ஒண்ணு இருந்துச்சு."

அவருக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "அதுதான்யா பத்து. ரோமன் எழுத்துல எக்ஸ்னா பத்து. ஒரு எடத்துல பத்து நிக்காதுன்னு நீங்க சொன்னீங்கல்ல, அதையேதான் அவங்களும் யோசிச்சிருக்காங்க. ஸ்கூல்ல பத்தாம் வகுப்பு வாசல்ல X-A, X-Bன்னு போர்டு தொங்கும், பாத்ததில்லயா?"

"நான் V-யோட எறங்கிட்டேன் மேடம். அந்த வாசல் வரைக்கும் போவல."

இதைச் சொன்னபோது அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். நிறுத்தத் தேவையில்லை. நான் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. சிலேட்டில் போட்டால் தப்பு, சுவரில் போட்டால் இடிப்பு என்று நான் பயந்துகொண்டிருந்த குறி, இங்கே எல்லாவற்றையும்விடப் பெரிய எண்ணாக உட்கார்ந்திருந்தது. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. இப்போதும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

உடனே நகரத்துக்குப் போன் போட்டோம். மேடம் பேச வந்தார், நான் கொடுக்கவில்லை. ஒன்பதையும் சொல்லி, கடைசியில், "எக்ஸ். இன்ட்டு இல்ல, எக்ஸ்" என்றேன். அந்தப் பக்கத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. "வந்துடுச்சுங்க. ரெண்டாம் பாகம், மூணாவது மாடி அலமாரி. ஒரே பிரதிதான். சாயங்காலப் பையில போட்டுடறேன்" என்றார்.

அந்தப் பெண் புத்தகத்தை வாங்கும்போது முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்த்தாள். "நான் அன்னிக்கே சொன்னேன்ல மாமா, எக்ஸ்னு."

"நீ எக்ஸ்னு சொன்ன. பத்துன்னு சொன்னியா?"

"அது இல்ல."

"அப்ப கம்முனு படி."

பரீட்சை வரை கம்பெனி பஸ்ஸில் அவள் வாய் அசைந்துகொண்டே இருக்குமாம். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். தேறிவிட்டாள். நல்ல மதிப்பெண் என்று மாமியார் சொன்னார். பயணத்துக்கு முன் இரண்டு பாகங்களையும் கொண்டுவந்து மேடம் மேஜையில் வைத்து, அவருக்கு நன்றி சொன்னாள். என் பக்கம் திரும்பி, நாலு பேர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது, "போய்ட்டு வரேன் இன்ட்டு மாமா" என்றாள். படித்துக்கொண்டிருந்த நாலு பேரும் தலையைத் தூக்கினார்கள். அவ்வளவுதான், இப்போது டீக்கடையிலும் அந்தப் பெயர்தான்.

எனக்கு அதற்குப் பிறகும் கேள்விகள் தீரவில்லை. பத்தால் வகுத்தால் எளிதாக இருக்குமே, ஏன் பதினொன்று? மேடத்திடம் கேட்டேன், விசாரித்துச் சொல்கிறேன் என்றார். நானே சில புத்தகங்களை எடுத்துப் பத்தால் வகுத்து, இலக்கங்களை வேண்டுமென்றே மாற்றிப் பார்த்தேன். சில தப்புகள் நழுவிப்போய்விடுகின்றன. பதினொன்றிடம் ஒன்றும் நழுவவில்லை. ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை. பதின்மூன்று இலக்கம் வந்த புதுப் புத்தகங்களில் எக்ஸ் கிடையாது, கணக்கே வேறு. ஆகவே கடைசியில் எக்ஸ் இருந்தால் அது பழைய புத்தகம் என்று இப்போது எட்டி நின்றே சொல்லிவிடுவேன்.

இந்தக் கணக்கை மேடம் பெரிய தாளில் அழகாக அச்சடித்து நூலகச் சுவரில் ஒட்டியிருக்கிறார். பெருக்கல், கூட்டல், பதினொன்று, எக்ஸ் எல்லாம் அதில் இருக்கிறது. பார்வையிட வந்த அதிகாரி பாராட்டி, பாகூர்ப் பக்கத்திலும் வில்லியனூர்ப் பக்கத்திலும் உள்ள மற்ற நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். நல்லது. தாளின் அடியில் "தயாரிப்பு: நூலகர்" என்று இருக்கிறது. அதுவும் நல்லதுதான். விதி அவருடைய நோட்ஸில் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் நம்பர் தப்பு என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும் என்று முதலில் கேட்டவன் யார்? பெருக்கிக் கூட்டி நூற்று எண்பத்தெட்டு என்று சொன்னவன் யார்? பத்து ஓரிடத்தில் நிற்காது என்று அடம்பிடித்தவன் யார்? நான் அடம்பிடிக்காவிட்டால் அவர் அடுத்த வரியைப் படித்திருப்பாரா?

இன்ட்டு மாமா என்று ஊர் கூப்பிடட்டும், போகட்டும். அது டீக்கடைக்கு. தாளுக்கு அல்ல. மற்ற ஊர்களுக்கு அனுப்பும் முன், மேடத்தின் பெயருக்குக் கீழே இன்னொரு வரி வர வேண்டும்: கணக்குப் போட்டவர் என்று எழுதி, என் முழுப்பெயர், தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு. பேனாவால் எழுதி ஒட்டுவது வேண்டாம். அச்சில் வர வேண்டும்.